வெறுமையாக விட்ட ஆறாம் வரி

இக்குறிப்பை எழுதவேண்டிய கடமை இரு வழியாக என்னை வந்தடைந்தது. சென்ற மார்கழியில் மொன்ட்ரியாலின் ரொக்ஸ்பரோப் பகுதியில் நடைபெற்ற நம்மவர் கூட்டம் ஒன்றில் என்னை அறிமுகஞ்செய்த அன்பர், “ஐரிஷ்காரரின் பழைய பதிவுகளை ஒரு பிழையுமின்றிப் பேணியவர்” என்று புகழ்ந்தார். சபையோர் கைதட்டினர். நானும் கும்பிட்டுவிட்டு அமர்ந்துகொண்டேன். அப்புகழ்ச்சி உண்மையன்று. அங்கேயே எழுந்து மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. அடுத்த கிழமை, மொன்ட்ரியாலில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் விவரங்களைத் திரட்ட முனைந்துள்ள சிலர், தாம் ஆயத்தஞ்செய்த படிவத்தை அனுப்பி என் கருத்தைக் கேட்டனர். முன்பு நான் எந்த வரியை வெறுமையாக விட்டேனோ, அந்த வரி அப்படிவத்தில் அடியோடு இல்லை. இனியும் பேசாதிருத்தல் தகாது என்று தெளிந்தேன்.

நான் பணியாற்றிய இடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சுமே வழங்கின. அங்குள்ளோர் சொன்னவற்றை நம்முடைய பேச்சுத் தமிழிலேயே தருகிறேன். செந்தமிழில் எழுதினால் அவர்களுடைய குரல் எனக்கே கேட்காது.

1. பற்றிக்குகள் நிறைந்த பெட்டி

யாழ்ப்பாணத்தில் நான் காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞன். காணி உறுதிப் பத்திரங்களைப் படியெடுப்பதே என் தொழில். இந்நகருக்கு வந்தபின் சில ஆண்டுகள் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். பின்னர், ஐரிஷ் மரபையும் வரலாற்றையும் ஆராய்வோர்க்குத் துணைநிற்கும் ஒரு புலமைச் சங்கத்தில், பழைய ஆவணங்களைப் படியெடுக்கத் தெளிவான கையெழுத்துடைய ஒருவர் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் ஒரு வாசிப்பறை, ஒரு களஞ்சிய அறை, ஒரு சிறிய அடுக்களை. சங்கம் என்பது அவ்வளவே. மாணவர்க்கு ஆய்வுதவி வழங்குவதும், குளிர்காலத்தில் விரிவுரைகள் நடத்துவதும், தம் முன்னோரைத் தேடி எழுதுவோர்க்கு மறுமொழி அளிப்பதும் அதன் பணிகள்.

அங்கே நூலகராக இருந்தவர் மிஸ் கொரிகன். உயரமான, மெலிந்த பெண்மணி. தேநீரை நம்மைப்போலவே சாயம் கனக்க வடித்துப் பாலூற்றிக் குடிப்பவர். முதல் நாளன்று ஒரு தட்டு நிறைய அட்டைகளைத் தந்து, பெயர் வரிசைப்படி அடுக்கும்படி சொன்னார். பிற்பகலுக்குள் முடித்துவிட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தவர், தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீண்டும் அணிந்துகொண்டார்.

“மிஸ்டர் சபா, இதென்ன? பற்றிக் எண்ட பேர்க்காரர் எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள நிக்கினம்!”

“ஓம். பெயர் வரிசைப்படிதானே அடுக்கச் சொன்னீங்கள்.”

“ஐயோ, அது குடும்பப் பெயர் வரிசை! ஐரிஷ்காரரிட்டைப் போய்ப் பற்றிக்கைத் தேடினால், இந்த ஊரில பாதிப் பேர் ‘நான்தான்’ எண்டு எழும்பி வருவினம்.”

என் பெயரில் முன்னிற்பது தந்தையின் பெயர், பின்னிற்பதே எனக்குரியது. ஒருவரை அவருக்கு இடப்பட்ட பெயரால் அடுக்காமல் குலப்பெயரால் அடுக்குவது எனக்கு ஒருவகை அவமதிப்பாகவே பட்டது. ஆயினும் அன்று மாலையே அனைத்தையும் மாற்றி அடுக்கினேன். அதன்பின் வாசிப்பறையில் ஏதாவது காணாமற்போனால், “பற்றிக் பெட்டிக்குள்ள பாருங்கோ” என்பது மிஸ் கொரிகனின் வழக்கமான பகிடியாயிற்று.

2. பதிவேட்டின் கடைசி நிரல்

ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அயர்லாந்தில் கொடும் பஞ்சம். பிழைக்க வழிதேடிக் கப்பலேறியோர் ஆயிரக்கணக்கில் இந்நகர்த் துறைமுகத்தில் வந்திறங்கினர். கப்பலிலேயே காய்ச்சல் தொற்றியிருந்தது. ஆற்றங்கரையில் பலகைக் கொட்டில்கள் அமைத்து அவர்களைக் கிடத்தினர். பெற்றோர் பலர் அங்கேயே மாண்டனர். எஞ்சிய பிள்ளைகளைக் கன்னியர் மடத்தினர் பொறுப்பேற்க, அயற்கிராமங்களிலிருந்து பிரெஞ்சு விவசாயிகள் வண்டிகட்டி வந்து அவர்களைத் தத்தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்றனர். இன்று பிரெஞ்சு மட்டுமே பேசும் பல குடும்பங்களில் ஐரிஷ் இரத்தம் கலந்திருப்பது இவ்வாறுதான்.

அக்கன்னியர் எழுதிய பதிவேட்டின் நுண்படச் சுருள் (மைக்ரோஃபில்ம்) சங்கத்திடம் இருந்தது. அதிலிருந்து ஒரு பெயரடைவு ஆக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மிஸ் கொரிகன் தந்த அட்டையில் ஆறு வரிகள் இருந்தன: குடும்பப் பெயர், இட்ட பெயர், வயது, பெற்றோர், ஊர். ஆறாவது, குறிப்பு.

“ஆறாம் வரியில என்ன எழுதுறது?” என்று கேட்டேன்.

“சொல்லத்தக்கதாக ஏதும் இருந்தால் எழுதுங்கோ. அதை உங்களிட்டை விடுறன்.”

பதிவேட்டில் இருந்த கடைசி நிரல் இதுதான்: பிள்ளை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர் எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். இரண்டு குளிர்காலம் அச்சுருளோடு இருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரிகளையும் அச்சுப் பிசகாமல் எழுதினேன். ஆறாம் வரியை வெறுமையாகவே விட்டேன்.

மறதியாலன்று, தெரிந்தே விட்டேன். ஒரு பிள்ளையைக் கொடுத்ததும் எடுத்ததும் நாலுபேர் பார்க்கும் அடைவில் ஏறத்தக்க செய்தியல்ல என்பது என் முடிபு. என் தாய்க்கு ஐந்தாவதாகப் பிறந்த ராசனை, மகப்பேறில்லாத என் சின்னம்மா கைக்குழந்தையாகவே எடுத்து வளர்த்தார். ஊரறிந்த செய்தி, ஒருவரும் வாய்திறந்து பேசாத செய்தி. பேசினால் வளர்த்தவளின் மனம் நோகும் என்று நாங்கள் அவனை ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லி வந்தோம். அந்த மரியாதையையே முன்பின் அறியாத அந்தப் பிள்ளைகளுக்கும் செய்தேன்.

பெயரடைவு முடிந்ததும் பாராட்டுக் கிடைத்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் முன்னோரைத் தேடிக் கடிதங்கள் வந்தன. அடைவைக் கணினியிலும் ஏற்றிவிட்டதால் தேடுதல் எளிதாயிற்று. கிடைத்தவர்க்கு விவரம் அனுப்பினேன். கிடையாதவர்க்கு நானே யாத்த ஒரு வாசகம் இருந்தது: “எம்மிடமுள்ள பெயரடைவில் தாங்கள் தேடும் பிள்ளையைப் பற்றிய பதிவு காணப்படவில்லை.” கீழே என் கையொப்பம், சங்கத்தின் முத்திரை. அவ்வாசகத்தின் செறிவில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

3. மதாம் கரோனின் கேள்வி

அது மாசி மாதம். முழங்காலளவு பனி. எழுபது வயது மதிக்கத்தக்க குள்ளமான பெண்மணி ஒருவர், இரண்டு பேருந்து மாறி, நகரின் வடபுறத்து மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் காலுறையோடு என் மேசைக்கு வந்து, மடித்த கடிதம் ஒன்றை விரித்தார். ‘பதிவு காணப்படவில்லை’ என்று நான் அனுப்பிய கடிதம்.

“பொன்ஜூர். இதை எழுதினது நீங்கள்தானோ, மொஸ்யு?”

“ஓம், மதாம்.”

“வடிவான கடிதம். என்ர தம்பி ரெயால் வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சவன்.”

அவர் எதிரில் இருந்த கதிரையை இழுத்து அமர்ந்துகொண்டார். மதாம் கரோன் என்று தம்மை அறிமுகஞ்செய்தார். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாகச் சமையல் செய்தவர். அவருடைய தந்தையின் பூட்டி, அதாவது பாட்டனின் தாய், ஓர் அயர்லாந்துப் பெண் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட செய்தி.

“எங்கட ஊர்ச் சேமக்காலையில குடும்பக் கல்லறைக் கல் ஒண்டு நிக்குது. அதில எல்லாற்றை பேரும் இருக்கு. கடைசி வரியில மட்டும் ‘அயர்லாந்துக்காரியும்’ எண்டு வெட்டியிருக்கு. பேர் இல்லை. ஆடு மாட்டுக்கும் எங்கட வீட்டில பேர் வைக்கிறனாங்கள், மொஸ்யு.”

“கல்லை மாத்தப் போறீங்களோ?”

“உறைபனியில வெடிச்சுப்போச்சு. புதுக்கல் வெட்டக் குடுத்தாச்சு. ஈஸ்டர்ப் பாஸ்குக்கு முன்னம் வாசகம் குடுக்கவேணும். ரெயால் என்ன சொல்லுறான் எண்டால், ‘அக்கா, அந்தப் பெரிய சங்கத்துக்கே உன்ர அயர்லாந்துக்காரியைத் தெரியாதாம். எங்கட ஆக்கள் விட்ட கதை அது. இந்தமுறை அந்த வரியே வேண்டாம்’ எண்டு. விளங்குதோ? இவ்வளவு காலமும் பேரில்லாமலாவது நிண்டவள். இனி அதுவும் இல்லை.”

பின்னர் தம் பையிலிருந்து ஒரு படியை எடுத்து வைத்தார். அப்பெண்ணின் திருமணப் பதிவு. “ஹொனோரா, அயர்லாந்தில் பிறந்தவள், பெற்றோர் அறியப்படாதோர், இப்பங்கின் விவசாயி அந்துவான் கரோனால் வளர்க்கப்பட்டவள்.” வளர்த்தவரின் பெறாமகனை, அவருடைய சகோதரன் மகனையே, அவள் மணந்திருக்கிறாள்.

நான் கணினியில் மீண்டும் தேடினேன். ஹொனோரா என்ற பெயரில் பல பிள்ளைகள். குடும்பப் பெயரின்றி எந்த ஹொனோரா என்று சொல்ல வழியில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

மதாம் கரோன் அந்தப் படியில் ‘அறியப்படாதோர்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“நாற்பது வருசமாப் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுத்தனான். தாய் தெரியாத பிள்ளை எண்டு ஒண்டும் இல்லை. எழுதினவருக்குத்தான் தெரியாது. ஏழெட்டு வயசுப் பிள்ளை தாயின்ர பேரைச் சொல்லமாட்டாதோ? ஆரும் கேட்டிருக்கமாட்டினம்.”

அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே அந்தக் கடைசி நிரல் என் கண்முன் வந்து நின்றது. அந்துவான் கரோன் என்ற பெயர் அதில் இருக்கக்கூடும். சுருள் பத்தடி தூரத்தில், களஞ்சிய அறையில் இருந்தது. எழுந்துபோய் எடுத்திருக்கலாம். எடுத்தால், ஏன் முன்பே பார்க்கவில்லை என்று சொல்லவேண்டி வரும்.

“சிறிது அவகாசம் தாருங்கோ, மதாம்” என்றேன்.

“மெர்சி. பாஸ்குக்கு முன்னம், என்ன?” என்று சொல்லி, வாசலில் குந்தியிருந்து ஈரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். நான் சன்னலடியில் நின்று பார்த்தேன். பேருந்துத் தரிப்பிடம்வரை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

4. புட்டு ஆறிய மாலை

என் துணைவியார் திலகம் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நோயாளர் உதவியாளர். அன்று பிற்பகல் வேலை முடிந்து எனக்கு முன்பே வீடு வந்திருந்தார்.

“என்ன, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு? கொரிகன் ஏசிப்போட்டாவோ?”

நடந்ததைச் சொன்னேன். லீக்ஸ் அரிந்துகொண்டே கேட்டவர், கத்தியை வைத்துவிட்டார்.

“அந்தப் பிள்ளையை ஆர் எடுத்தவை எண்டு உங்கட பெரிய புத்தகத்தில இல்லையோ?”

“இருக்கு.”

“அப்ப நீங்கள் எழுதின லிஸ்ரில?”

“இல்லை. நான் எழுதேல்லை.”

“ஏனாம்?”

“அது சபையில சொல்லுற விசயமில்லை, திலகம். ஒரு பிள்ளையைக் குடுத்தது, எடுத்தது...”

“ஆருக்கு வெக்கம் எண்டு கேக்கிறன். பெத்தவை காய்ச்சலில செத்துப்போச்சினம். எடுத்தவை நல்ல சனம். அந்தப் பிள்ளைக்கோ வெக்கம்? அது என்ன களவோ எடுத்தது?”

“நீர் விளங்காமல் கதைக்கிறீர்.”

“நல்லா விளங்குது. உங்கட வீட்டுப் பழக்கத்தைக் கொண்டுபோய் வெள்ளைக்காரற்றை புத்தகத்தில ஒட்டியிருக்கிறியள். மாமியின்ர செத்தவீட்டில ராசன் என்ன செய்துகொண்டு நிண்டவன் எண்டு ஞாபகம் இருக்கோ உங்களுக்கு?”

நான் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தேன்.

“கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டவன். பெத்த தாய் உள்ளுக்குக் கிடக்கிறா, அவன் வந்த சனத்துக்குக் கதிரை அடுக்கிறான். ஏனெண்டால் அவன் ஒண்டுவிட்ட தம்பி. எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தவை. சாப்பிடுங்கோ, புட்டு ஆறிப்போச்சு.”

திலகம் சொன்னவற்றுள் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதனால் எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட்டு முடியும்வரை அக்கோபம் இருந்தது. பின்னர் அதுவும் இல்லாமற்போயிற்று.

5. அடுத்தடுத்த இரு வரிகள்

மறுநாள் வாசிப்பறை திறந்ததும் சுருளைக் கருவியில் ஏற்றினேன். கடைசி நிரலை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தேன். மதியத்துக்குச் சற்று முன் கிடைத்தது. “அந்துவான் கரோன், விவசாயி.” அவ்வரியின் தொடக்கத்துக்குக் கண்ணை நகர்த்தினேன். ஹொனோரா ஹீலி, வயது ஏழு. தந்தை தோமஸ் ஹீலி. தாய் பிறிஜிட் ஃபோலி. அதற்கடுத்த வரியில் மைக்கல் ஹீலி, வயது இரண்டு, அதே பெற்றோர். வேறொரு பங்கின் வேறொரு விவசாயியிடம் அதே நாளில் ஒப்படைக்கப்பட்டவன்.

ஆகவே, ஏழு வயதுப் பிள்ளையிடம் தாயின் பெயரைக் கேட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார். காய்ச்சற் கொட்டில்களின் நடுவே, அத்தனை சாவுகளின் நடுவே, பெயர் தெரியாத ஒரு கன்னியாஸ்திரி கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஆற அமர இருந்து, வெப்பமூட்டிய அறையில், இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டு அதை மறைத்தவன் நான்.

மிஸ் கொரிகனின் அறைக்குச் சென்று முழுவதையும் சொன்னேன். பெயரடைவில் ஒரு பிள்ளைக்குக்கூட ஆறாம் வரி நிரப்பப்படவில்லை என்பதையும், ‘காணப்படவில்லை’ என்று நான் அனுப்பிய கடிதங்களுள் எத்தனை பொய் என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்த் தேநீர் வடித்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு கோப்பை.

“தெரிஞ்சோ விட்டனீங்கள்?”

“தெரிஞ்சுதான். அவமானம் எண்டு நினைச்சன்.”

“எங்கட ஆக்களும் அதைத்தான் நினைச்சவை, மிஸ்டர் சபா. என்ர பாட்டி பஞ்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டா. பசிச்சுச் செத்தது வெக்கமாம்.” சற்றுப் பொறுத்து, “நானும் ஒருநாளாவது ஆறாம் வரியைத் திருப்பிப் பாத்திருக்கவேணும். பாக்கேல்லை” என்றார்.

“நான் விலகிறன். கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்.”

அவர் அதை வாங்கவேயில்லை. “விலகிப் போங்கோ. பேந்து ஆர் இருந்து எழுதுறது? நானோ? என்ர கையெழுத்தைக் கண்டிருக்கிறியளோ? முதல்நாள் பற்றிக் எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டனீங்கள். அது பிழைதான். ஆனால் அதில ஒருத்தரும் துலையேல்லை. இதில துலைஞ்சு போச்சினம். போய்த் தேடுங்கோ.”

மதாம் கரோனை அன்றே தொலைபேசியில் அழைத்தோம். இரு நாள் கழித்து வந்தார். கருவியின் ஒளித்திரையில் அந்த வரியைக் காட்டினேன். பெரிதாக அழுவார் என்று எதிர்பார்த்துக் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அருகில் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. தாயின் பெயரை இரண்டு தரம் உரக்க வாசித்தார். பின்னர் கீழ்வரியில் விரலை வைத்தார்.

“இது ஆர்?”

“தம்பி.”

“வேற வீட்டுக்கோ குடுத்தவை?”

“ஓம்.”

“ஒரே நாளிலயோ?”

“ஒரே நாளில.”

“ரெண்டு வயசு” என்றார். “ரெண்டு வயசுப் பிள்ளையள் தூக்கச்சொல்லிக் கையை நீட்டுவினம்.”

அப்போது என் பிழையைச் சொன்னேன். அதை நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் சொல்ல நேர்ந்தது, தப்புவதற்கு நல்ல சொல் எதுவும் அகப்படாத மொழியில். முழுவதையும் கேட்டபின், “அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ? நான் வந்த அண்டைக்கு?” என்றார்.

“இருக்கலாம் எண்டு தெரியும்.”

“அந்தப் பனிக்குள்ள என்னை ரெண்டு பஸ் ஏற விட்டனீங்கள்” என்றார். அச்சொல் இன்றும் என்னிடம் இருக்கிறது. பின்னர் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

“ரெயால், பேனை எடு. எடு எண்டுறன். எழுது, ஹொனோரா ஹீலி. இல்லை, நான் ஒண்டும் குடிக்கேல்லை. சிரிக்காதை, எழுது. தகப்பன் தோமஸ். தாய் பிறிஜிட். ஓமடா, அவளுக்கும் தாய் இருந்தவள். இப்ப வாசிச்சுக் காட்டு.”

மறுமுனையில் அந்த ஆண்குரல் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்வது எங்களுக்கும் கேட்டது. சிரிப்பு இருக்கவில்லை.

6. திரும்பி வந்த உறை

சங்கத்தின் குழு கூடி, பெயரடைவை நிறைவுசெய்யும்வரை மற்ற வேலைகளை ஒத்திவைக்க இசைந்தது. சங்கத்தின் சஞ்சிகையில் பிழையை அறிவித்தோம். அதில் என் பெயரையும் இடவேண்டும் என்று நானே கேட்டேன். ஆறாம் வரிகளை நிரப்ப அவ்வாண்டு இலையுதிர்காலம் வரை சென்றது. நிரப்ப நிரப்ப, ‘காணப்படவில்லை’ என்று நான் எழுதிய பழைய கடிதங்களின் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, உரியவர்க்குப் புதுக்கடிதம் எழுதினேன். பழைய வாசகத்தின் செறிவு இப்போது வேண்டியிருக்கவில்லை. “முன்னர் நான் எழுதியது பிழை. உங்கள் பிள்ளை இருக்கிறார்” என்று தொடங்கினேன்.

அப்படிகளுக்கிடையே ஒரு கடிதம். கிராமமொன்றிலிருந்து முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எழுதியது. தம் குடும்பம் ஓர் ஐரிஷ் ஆண்குழந்தையை எடுத்து வளர்த்ததாகவும், அவன் வளர்ந்தபின்னும் “எனக்கு ஓர் அக்கா இருந்தாள்” என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், தாம் அவன் வழிவந்தவர் என்றும் அதில் இருந்தது. மைக்கலை எடுத்துச் சென்ற விவசாயியின் அதே பெயர், அதே பங்கு. அவருக்கு நான் அனுப்பிய மறுமொழியின் படியும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது.

உடனே எழுதினேன். மூன்று கிழமையில் உறை திரும்பி வந்தது. முகவரிக்குரியவர் காலமாகிவிட்டார் என்று அதன்மேல் குறித்திருந்தது. திறக்கப்படாத அவ்வுறையை என் மேசையின் வலப்புறத்தில் வைத்தேன். கோப்பில் இட மனம் வரவில்லை.

வெயில் ஏறியபின் ஒருநாள் மதாம் கரோன் மீண்டும் வந்தார். அன்று சப்பாத்து வாசலில் இல்லை; கோடைச் செருப்பு. புதுக்கல்லின் புகைப்படத்தை மிஸ் கொரிகனிடமும் என்னிடமும் காட்டினார். கடைசி வரி இப்படி வெட்டப்பட்டிருந்தது: “ஹொனோரா ஹீலி, தோமஸ் ஹீலிக்கும் பிறிஜிட் ஃபோலிக்கும் மகள், மைக்கலின் அக்கா.”

“அந்தக் கடைசிச் சொல்லு நான் குடுத்ததில்லை” என்றார். “ரெயால் எனக்குச் சொல்லாமல் கல்வெட்டுக்காரனிட்டைப் போய்ப் போடுவிச்சவன். கேட்டால், ‘நீயும் என்ர அக்காதானே’ எண்டுறான், விசரன்.”

அவர் பார்வை என் மேசையிலிருந்த உறையில் விழுந்தது. என்னவென்று கேட்டார். மறைப்பதில்லை என்று அப்போது உறுதி பூண்டிருந்தேன், சொன்னேன். அவர் அதைக் கையிலெடுத்து முகவரியை வாசித்தார்.

“அவர் இல்லாட்டிலும் அந்த வீட்டில ஆரும் இருப்பினம்தானே?”

“மதாம், அது மற்றவருக்கு எழுதின கடிதம். விதிப்படி...” என்று தொடங்கினார் மிஸ் கொரிகன்.

“மற்றவர் ஆர்? மைக்கலின்ர ஆக்கள். எங்கட ஆக்கள்.” மதாம் கரோன் உறையைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். “ரெயாலிட்டைக் கார் இருக்கு. வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு போவான். போகாட்டில் நான் விடமாட்டன்.”

மிஸ் கொரிகன் சன்னற்பக்கம் திரும்பி, வெளியே எதையோ பார்ப்பதுபோல நெடுநேரம் நின்றார். திரும்பியபோது, “மிஸ்டர் சபா, மேசையில ஏதும் உறை கிடந்ததோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். அச்சங்கத்தில் நான் தெரிந்து சொன்ன கடைசிப் பொய் அதுதான்.

அந்த ஞாயிறு அங்கே என்ன நடந்தது என்பது அவ்விரு குடும்பங்களுக்கும் உரியது. அதை நான் அறிவேன். ஆனால் எழுதும்படி அவர்கள் என்னைக் கேட்கவில்லை. எழுதாமல் விடுவதில் இரு வகை உண்டென்று இப்போது தெரிகிறது. உரியவர் தம் வாயால் வேண்டாமென்று சொல்லி விடுவது ஒன்று. உரியவரைக் கேளாமலே நாமாக மரியாதை என்று பெயரிட்டு விடுவது மற்றொன்று. முப்பது ஆண்டுப் பணியில் நான் கற்ற பாடம் இவ்வளவே. கற்பதற்கு ஒரு முதியவர் காத்திருந்து காத்திருந்து காலமாக வேண்டியிருந்தது.

தமிழ்க் குடும்பங்களின் படிவத்தை அனுப்பியவர்க்கு, ‘வளர்த்தவர்’ என்று ஒரு வரி சேர்க்குமாறு எழுதினேன். அதற்கு முன் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, என் படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் அவனுடைய பெயரையும் எழுதலாமோ என்று ராசனைக் கேட்டேன். “சின்னம்மாவின்ர பேரையும் பக்கத்தில போடுவியளோ, அண்ணை?” என்றான். இருவர் பெயரையும் எழுதினேன்.

இக்குறிப்பை நினைவைத் துணைக்கொண்டே எழுதினேன். வரலாற்றுச் செய்திகளிலோ, நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையிலோ வழு இருப்பின், அறிந்தோர் தயங்காது சுட்டித் திருத்தியருளுக. மற்றொரு வேண்டுகோளும் உண்டு. என் கடிதங்களுட் சில இன்னும் உரியவரைச் சென்றடையவில்லை, முகவரிகள் மாறிவிட்டன. உங்கள் வேலைத்தலத்திலோ அயல்வீட்டிலோ பிரெஞ்சு பேசும் எவரிடமேனும், பதிவு காணப்படவில்லை என்று என் கையொப்பத்துடன் ஒரு கடிதம் இருப்பதாக அறிந்தால், அது பிழையாக இருக்கக்கூடும் என்று அவரிடம் சொல்லுங்கள். திருத்தவேண்டிய பிழைகளுள் முதலாவது அதுவே.